டாசன் காட்டு அணு ஆய்வுக்கூடம்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஒரு காட்டுக்குள் கைவிடப்பட்ட அணு ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிய வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்ததிலிருந்து, பள்ளி அறிவியல் நிகழ்ச்சிகளுக்குப் போனால் மாணவர்களும் பெற்றோரும் அதைத்தான் கேட்கிறார்கள். பென்னாகரமோ ஓசூரோ, கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அமெரிக்கக் காட்டில் தொடங்கும் பேச்சு கொஞ்ச நேரத்தில் நம் காட்டுக்கும் கல் குவாரிக்கும் வந்துவிடுகிறது. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

அது என்ன இடம்? எங்கே இருக்கிறது?

ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவுக்கு வடக்கே டாசன்வில் என்ற சிறிய ஊர் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருவுக்கு எவ்வளவு தூரமோ, அட்லாண்டாவிலிருந்து டாசன்வில்லுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். மலையும் காடுமான பகுதி. ஒரு காலத்தில் கள்ளச்சாராயத்துக்குப் பேர்போன ஊர். அதை நினைவுபடுத்தி இன்றைக்கும் அங்கே ஒரு திருவிழாவே நடத்துகிறார்கள்.

அந்த ஊரை ஒட்டிய டாசன் காட்டில், எட்டோவா ஆற்றங்கரையில், சுமார் 10,000 ஏக்கர் நிலத்தில் 1950களின் கடைசியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைந்தது. ஜார்ஜியா அணு விமான ஆய்வுக்கூடம் என்று பெயர். அமெரிக்க விமானப்படையின் கணக்கில் அது 67ஆம் எண் ஆலை. நடத்தியது லாக்ஹீட் நிறுவனம். 1971ல் மூடிவிட்டார்கள்.

விமானத்துக்கு எதற்கு அணு உலை?

பனிப்போர்க் காலத்தை நினைத்துப் பாருங்கள். அணுகுண்டை ஏற்றிக்கொண்டு ரஷ்யா வரை போய்த் திரும்ப வேண்டும் என்றால், அன்றைய விமானங்களுக்கு எரிபொருள் போதாது. ஒரு கைப்பிடி யுரேனியத்தில் நாள்கணக்கில், வாரக்கணக்கில் பறக்க முடிந்தால்? இந்த ஆசைதான் எல்லாவற்றுக்கும் காரணம். 1946ல் ஆய்வு தொடங்கியது. அணு உலை காற்றைச் சூடாக்கும், அந்தச் சூடான காற்று ஜெட் என்ஜினைத் தள்ளும் என்பது திட்டம். ஐடஹோ மாநிலத்தில் அப்படிப்பட்ட என்ஜினைத் தரையில் வைத்து ஓட்டியும் காட்டினார்கள். அந்த இயந்திரங்களில் இரண்டு இன்றும் ஐடஹோவில் பொதுமக்கள் பார்வைக்கு நிற்கின்றன.

சிக்கல் எடையில் இருந்தது. தரையில் இருக்கும் உலையைச் சுற்றி எத்தனை அடி கான்கிரீட் வேண்டுமானாலும் கட்டலாம். பறக்கிற உலைக்கு அது முடியாது. உலையைச் சுற்றி முழுக் கவசம் போட்டால் விமானம் எழும்பாது, போடாவிட்டால் உள்ளே இருக்கிறவர்கள் பிழைக்க மாட்டார்கள். எனவே விமானிகள் உட்காரும் பக்கத்தை மட்டும் மறைத்துவிட்டு, மற்ற திசைகளில் கதிர்வீச்சு போகட்டும் என்று விடும் யோசனைக்கு வந்தார்கள். அப்படிச் செய்தால் டயர், ஆயில், வயர், டிரான்சிஸ்டர் எல்லாம் கதிர்வீச்சில் நனையும். அவை எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் டாசன் காட்டுக்கு வந்தார்கள்.

நிஜமாகவே அணு உலையோடு விமானம் பறந்ததா?

பறந்தது. ஆனால் அணுசக்தியால் பறக்கவில்லை. 1955க்கும் 1957க்கும் இடையில், ஒரு பெரிய குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றில் 1 மெகாவாட் உலையை வைத்து 47 முறை பறக்கவிட்டார்கள். விமானத்தை இயக்கியது வழக்கமான எரிபொருள்தான். கவசம் சரியாக வேலை செய்கிறதா என்று அளப்பதே நோக்கம். விமானிகள் ஈயமும் ரப்பரும் பதித்த, டன் கணக்கில் எடையுள்ள பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னாலேயே இன்னொரு விமானத்தில் ஆயுதம் தாங்கிய வீரர்கள் வந்தார்கள். உலை விழுந்தால் பாராசூட்டில் குதித்து அந்த இடத்தைச் சுற்றி வளைப்பது அவர்கள் வேலை. இப்படி ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது என்பதே அந்தத் திட்டத்தின் ஆபத்தைச் சொல்லிவிடுகிறது என்பது என் கருத்து.

இந்த விமானம் பறந்தது டெக்சாஸ் பக்கம். டாசன் காட்டில் எந்த விமானமும் பறக்கவில்லை.

1961 மார்ச்சில் அதிபர் கென்னடி முழுத் திட்டத்தையும் நிறுத்தினார். 15 ஆண்டு உழைப்பும் சுமார் 100 கோடி டாலரும் அதில் போயிருந்தன. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் வந்துவிட்டதால், வாரக்கணக்கில் வானத்தில் சுற்றும் விமானத்துக்குத் தேவையும் குறைந்துவிட்டது.

அப்படியென்றால் காட்டுக்குள் சரியாக என்ன செய்தார்கள்?

வீடியோக்கள் அதிகம் சொல்லாத, ஆனால் மிகவும் முக்கியமான பகுதி இது.

அங்கே இருந்த பெரிய உலையின் திறன் 10 மெகாவாட். வழக்கமான உலைகளைப் போலத் தடித்த சுவர்களுக்குள் அதை வைக்கவில்லை. வேலை இல்லாத நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கிக் கிடக்கும். தண்ணீர்தான் கவசம். சோதனை நேரத்தில் லிஃப்டில் ஏற்றுவதுபோல மேலே தூக்கி, திறந்த காற்றில் நிறுத்துவார்கள். சுற்றிலும் விமானப் பாகங்கள் இருக்கும். அவற்றை ரயில் பெட்டிகளில் கொண்டுவந்து வைப்பார்கள். ஊழியர்கள் எல்லோரும் பூமிக்கடியில் கட்டிய கட்டடத்துக்குள் போய்விடுவார்கள். அப்புறம் உலை ஓடும்.

மேலே எந்த மறைப்பும் இல்லாததால், வானத்தை நோக்கிப் போன கதிர்வீச்சில் ஒரு பகுதி காற்று மூலக்கூறுகளில் மோதிச் சிதறி மறுபடி தரைக்கே வரும். அதனால் மறைவான இடத்தில் நின்றால் போதும் என்று இருக்க முடியாது. சுரங்கக் கட்டடம் தேவைப்பட்டது அதனால்தான்.

சோதனை முடிந்த பாகங்கள் கதிரியக்கத்தோடு இருக்கும். கையால் தொட முடியாது. அதற்காகவே மிகத் தடித்த கான்கிரீட் சுவர்கள் கொண்ட ஒரு கட்டடம் கட்டினார்கள். ஹாட் செல் என்று சொல்வார்கள். ஊழியர் வெளியே நின்று, தடித்த கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, இயந்திரக் கைகளால் உள்ளே வேலை செய்வார். விமானத் திட்டம் நின்ற பிறகும் பத்து வருடம் வேறு இராணுவக் கருவிகளைச் சோதிக்க இதே கூடத்தைப் பயன்படுத்தினார்கள்.

காட்டுக்கு என்ன ஆனது?

உலையைச் சுற்றிக் காடு இருந்ததால், அந்தக் காடும் சோதனைப் பொருளாகிவிட்டது. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் பிளாட் என்ற சூழலியல் ஆய்வாளர், கதிர்வீச்சு வாங்கிய மரங்களும் செடிகளும் என்ன ஆகின்றன என்று ஆராய்ந்தார். ஓர் அணு ஆயுதப் போர் நடந்தால் காடும் பயிரும் மிஞ்சுமா என்ற கேள்வி அன்று நிஜமான கேள்வி.

அந்தக் காலத்து ஆய்வுகள் ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டின. எல்லா மரமும் ஒரே மாதிரி சாகாது. பைன் மரங்கள் முதலில் போகும். இலையுதிர் மரங்கள் அதைவிட அதிகம் தாங்கும். தரையோடு வளரும் புல், பாசி வகைகள் இன்னும் அதிகம் தாங்கும். நியூயார்க் அருகே புரூக்ஹேவனில் 1961லிருந்து சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளை வைத்து நடத்திய காட்டு ஆய்வும் இதே வரிசையைக் கண்டது. 1986ல் செர்னோபில் விபத்துக்குப் பிறகு பைன் காடு ஒன்று செந்நிறமாகக் கருகி நின்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே கதைதான். பைன் மரத்தின் குரோமோசோம்கள் பெரியவை. அடி படும் பரப்பு அதிகம்.

நம் பக்கத்துக் காடுகளில் பைன் கிடையாது. உசிலையும் சந்தனமும் மூங்கிலும் நிறைந்த வறண்ட காடு நம்முடையது. அமெரிக்கக் காட்டின் முடிவுகளை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

பத்து வருடம் கதிர்வீச்சு வாங்கிய காடு. இன்னும் முழுக்கக் கதிரியக்கத்தோடு இருக்குமே?

பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இது. கதிர்வீச்சு படுவது வேறு, கதிரியக்கப் பொருள் ஒட்டிக்கொள்வது வேறு. எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட நோயாளி வெளியே வந்து அடுத்தவருக்குக் கதிர்வீச்சு கொடுப்பதில்லை. உலையிலிருந்து வரும் காமா கதிரும் அப்படித்தான். மரத்தைக் கொல்லலாம். ஆனால் செத்த மரம் கதிரியக்கப் பொருளாக மாறாது.

உலையிலிருந்து வரும் இன்னொரு துகளான நியூட்ரான் விஷயம் வேறு. அது சில தனிமங்களின் அணுக்கருவுக்குள் புகுந்து அவற்றைக் கதிரியக்கப் பொருளாக மாற்றும். ஆனால் அப்படி உருவாவதில் பல மிகச் சீக்கிரம் அழிந்துபோகும். மண்ணில் இருக்கும் சோடியத்திலிருந்து உண்டாகும் சோடியம்-24 பதினைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். காற்றில் உண்டாகும் ஆர்கான்-41க்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. நெடுநாள் நிற்பவை சிலதான். எஃகில் கலந்திருக்கும் கோபால்ட்டிலிருந்து வரும் கோபால்ட்-60 அவற்றில் முக்கியமானது. கான்கிரீட்டில் துளியளவு இருக்கும் யூரோப்பியம் இன்னொன்று.

இப்போது ஒரு கணக்கு போடுங்கள். கோபால்ட்-60ன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5.27 வருடம். 1971ல் இருந்த அளவு 2021ல், அதாவது 50 வருடத்தில், ஏறக்குறைய 700ல் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். யூரோப்பியம்-152க்கு அரை ஆயுள் பதின்மூன்றரை வருடம். அதே 50 வருடத்தில் அது 13ல் ஒரு பங்காகத்தான் குறையும். பத்தாம் வகுப்பு மாணவர் செய்யக்கூடிய கணக்கு இது. வகுப்பில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். "ஆபத்து இருக்கா, இல்லையா" என்று பொதுவாகக் கேட்பதைவிட, என்ன பொருள், எவ்வளவு இருந்தது, எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்கப் பழகினால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இப்போது அங்கே என்ன மிச்சம்?

அந்த ஹாட் செல் கட்டடம்தான் முக்கியமாக மிச்சம். வேலி போட்டு அடைத்திருக்கிறார்கள். மாசு தங்கியதும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான். மற்ற கட்டடங்களில் பெரும்பாலானவற்றை இடித்துவிட்டார்கள். காட்டுக்குள் அங்கங்கே அஸ்திவாரங்கள் தெரியும். பூமிக்கடிக் கட்டடத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டது. மற்றபடி அது நடைபயணமும் குதிரை சவாரியும் போகும் சாதாரணக் காடு.

உருமாறிய மான், இரண்டு தலை மிருகம் என்றெல்லாம் சொல்கிறார்களே?

ஊர்க்கதைகள். அந்த ஊரிலும் அப்படிப் பேச்சு உண்டு. ஏன் வந்தது என்று யோசிக்க வேண்டும். திடீரென்று காட்டைச் சுற்றி வேலி, உள்ளே இராணுவ வேலை, யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். வருடக்கணக்கில் இப்படி இருந்தால் எந்த ஊரிலும் கதை பிறக்கும். அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

மூடிய பிறகு அந்த நிலம் யாரிடம் போனது?

அட்லாண்டா நகர நிர்வாகம் வாங்கியது. இரண்டாவது விமான நிலையம் கட்டுவதற்கு! நில அமைப்பு சரிப்படாததால் கட்டவே இல்லை. அதனால் காடு காடாகவே மிஞ்சியது. ஓசூருக்குச் சுமார் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024ல் தமிழ்நாடு அரசு அறிவித்ததிலிருந்து, எந்த நிலம், யார் நிலம் என்று இங்கேயும் பேச்சு ஓயவில்லை. அட்லாண்டா அன்று வாங்கிப் போட்டது அதைப்போல ஐந்து மடங்கு. ஒரு திட்டத்துக்காக எடுத்த நிலம் அந்தத் திட்டத்துக்கே போகும் என்று உறுதியில்லை என்பதற்கு அது நல்ல உதாரணம்.

என் மகள் அட்லாண்டாவில் இருக்கிறாள். போனால் பார்க்கலாமா?

காட்டுப் பாதைகள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. அனுமதிச் சீட்டு தேவையா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வேட்டைக் காலத்தில் போனால் பளிச்சென்ற ஆரஞ்சு நிற உடை போட்டுக்கொள்ள வேண்டும். ஹாட் செல் வேலியைத் தாண்ட வேண்டாம். பழைய இரும்புத் துண்டு எதையும் நினைவுப்பொருள் என்று எடுத்து வர வேண்டாம்.

நம் காடுகளில் இப்படி ஏதாவது இருந்ததா? அஞ்செட்டிப் பக்கம் பழைய கட்டடங்கள் பார்த்தோமே.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அணு உலை எதுவும் கட்டப்பட்டதில்லை. தமிழ்நாட்டு அணு உலைகள் கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் இருக்கின்றன. இரண்டும் கடற்கரை.

காட்டுக்குள் நீங்கள் பார்ப்பவை வேறு வகை. ஆங்கிலேயர் காலத்து ஓய்வு விடுதி, வனத்துறைக் கண்காணிப்புக் கோபுரம், கைவிட்ட குடியிருப்பு, கோட்டைச் சுவர். அவற்றை எல்லாம்விடப் பழையவையும் உண்டு. தருமபுரி மாவட்டம் நடுகல்லுக்குப் பேர்போனது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மல்லச்சந்திரம் மலைமேல் பெருங்கற்காலக் கற்திட்டைகள் வரிசையாக நிற்கின்றன. தமிழ்நாட்டில் பல இடங்களில் கற்திட்டையைப் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் சொல்வார்கள். யார் கட்டியது என்ற நினைவு போனதும் கதை வந்து உட்கார்ந்துகொள்கிறது. டாசன் காட்டில் அதற்கு ஐம்பது வருடமே போதுமாக இருந்திருக்கிறது.

ஆர்வத்தில் காப்புக்காட்டுக்குள் தனியாகப் போகாதீர்கள். அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை நடமாட்டம் அதிகம். வனத்துறை அனுமதியும் வேண்டும்.

தேனியில் வரவிருந்த நியூட்ரினோ கூடமும் இதே மாதிரிதானா?

இல்லை. அது அணு உலை அல்ல, வானத்திலிருந்து வரும் துகள்களைப் பிடித்து அளக்கும் கருவி. மலையைக் குடைவது பற்றிய எதிர்ப்பு தனி விவாதம். இரண்டையும் கலக்க வேண்டாம்.

கிரானைட்டில் கதிர்வீச்சு இருக்கிறதாமே? எங்கள் ஊர் முழுக்கக் குவாரிதான்.

இருக்கிறது. கிரானைட்டில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியவை இயற்கையாகவே மிகக் குறைந்த அளவில் உண்டு. உலகில் ஒரு மனிதர் இயற்கையிலிருந்து வாங்கும் கதிர்வீச்சு சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). பாறை அதிகமுள்ள ஊரில் இது கூடலாம். கேரளத்தின் சவரா, கருநாகப்பள்ளிக் கடற்கரையில் தோரியம் கலந்த மோனசைட் மணல் காரணமாக இதைவிடப் பல மடங்கு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்கிறார்கள். வீட்டுத் தரையில் கிரானைட் போட்டிருப்பதற்காகப் பயப்பட வேண்டாம். ஜன்னலைத் திறந்து காற்றோட்டமாக வைத்தால் கல்லில் உள்ள யுரேனியத்திலிருந்து வரும் ரேடான் என்ற கதிரியக்க வாயு தங்காது.

குவாரியில் நான் கவலைப்படுவது தூசிக்காக. கல் உடைக்கும்போதும் அறுக்கும்போதும் பறக்கும் சிலிகா தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வரும். அதற்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தண்ணீர் தெளித்து அறுப்பது, சரியான முகக்கவசம், நுரையீரல் பரிசோதனை, இவை கிடைக்காமல் வேலை செய்யும் தொழிலாளியிடம் போய் கதிர்வீச்சைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஆபத்து இல்லை என்று சொன்னால் எப்படி நம்புவது?

நம்ப வேண்டாம், அளவைக் கேளுங்கள். இந்த மாவட்டக்காரர்களுக்கு இது புதிதல்ல. நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடும் கண்ணுக்குத் தெரியாதுதான். நிறம் இல்லை, வாசனை இல்லை. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுந்தது, பெரியவர்களின் எலும்பு வளைந்தது. ஊர் ஊராகத் தண்ணீரைப் பரிசோதித்து, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டுகிறது என்று எண்ணோடு சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு 2013ல் பயன்பாட்டுக்கு வந்து, காவிரித் தண்ணீர் நம் ஊர்களுக்கு வந்தது. டாசன் காடு விஷயத்திலும் அந்த ஊர்க்காரர்கள் கேட்க வேண்டியது இதே மாதிரியான எண்களைத்தான்: மண்ணில் எவ்வளவு, ஆற்றில் எவ்வளவு, கடைசியாக எப்போது அளந்தீர்கள்.

நமக்கு நேரடியாக ஆபத்து வரக்கூடிய வழி ஏதாவது உண்டா?

உண்டு, பழைய இரும்புக் கடை வழியாக. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மருத்துவமனையிலும் தொழிற்சாலையிலும் கல்லூரி ஆய்வகத்திலும் கதிரியக்க மூலங்கள் கொண்ட கருவிகள் உண்டு. கவனிப்பார் இல்லாமல் போனால் அவை காயலான் கடைக்கு வந்துவிடும். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் அதுதான் நடந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் 1985லிருந்து பயன்படாமல் கிடந்த கோபால்ட்-60 கருவியை ஏலத்தில் விற்றுவிட்டார்கள். கடையில் பிரித்தார்கள். பலர் பாதிக்கப்பட்டார்கள், ஒரு தொழிலாளி இறந்தார். 1987ல் பிரேசிலின் கோயானியா நகரில் கைவிடப்பட்ட சிகிச்சை மையத்திலிருந்து எடுத்த கருவிக்குள் சீசியம்-137 தூள் இருந்தது. இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால் ஆசையாக வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பகிர்ந்துகொண்டார்கள். 249 பேர் உடலில் மாசு, 4 பேர் மரணம், அதில் ஒரு குழந்தையும் உண்டு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. ஹாட் செல்லைச் சுற்றி ஒரு வேலி இருக்கிறது. இந்தக் கருவிகளைச் சுற்றி எந்த வேலியும் இருக்கவில்லை.

ஓசூர் சிப்காட், பர்கூர் பக்கம் பழைய இரும்பு வாங்கி விற்கும் கடைகள் நிறைய. அங்கே வேலை செய்பவர்களுக்கு இந்தத் தகவலைக் கொண்டுபோய்ச் சேருங்கள். மஞ்சள் பின்னணியில் மூன்று இறக்கைச் சின்னம், அல்லது சிவப்பு முக்கோணத்தில் மண்டையோடும் ஓடும் மனிதரும் இருந்தால் கதிரியக்கம் என்று பொருள். சின்னம் அழிந்தும் போயிருக்கலாம். எனவே அளவுக்கு மீறிக் கனமான ஈய உருளையோ பெட்டியோ வந்தால் சந்தேகப்படுங்கள். உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள், உருக்காதீர்கள். எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு 112க்கு அழையுங்கள், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் போனால் அளவுக் கருவியோடு ஆள் வருவார்கள். அதற்கு முன்பே யாராவது அந்தப் பொருளைத் தொட்டிருந்து வாந்தியோ, தோலில் தீப்புண் போன்ற காயமோ வந்தால், மருத்துவரிடம் என்ன தொட்டார், எவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.